வெறும் வண்டியில் ஓர் எட்டு

அவிநாசியிலிருந்து சேவூர் செல்லும் சாலையின் ஓரத்தில், தகரக் கூரை வேய்ந்த சிறிய ஷெட் ஒன்றில் பனியன்களுக்குப் பிசிறு வெட்டிக் கொடுக்கும் தொழிலை நான் நடத்தி வருகிறேன். தைத்து முடித்த பனியனின் தையல் ஓரங்களில் தொங்கி நிற்கும் நூல் முனைகளைக் கத்தரித்துத் துணியைச் சுத்தம் செய்வதே பிசிறு வெட்டுதல். என்னோடு பதினொரு பெண்கள் அமர்ந்து வேலை செய்கிறார்கள். பனியன் கம்பெனியிலிருந்து மூட்டைகளை ஏற்றி வருவதும், வெட்டி முடித்தவற்றைத் திரும்பக் கொண்டு சேர்ப்பதும் என் பொறுப்பு. அதற்கென்று ஒரு மொபெட் வைத்திருக்கிறேன். பத்தொன்பது ஆண்டுகள் அதை ஓட்டினேன். அந்தப் பத்தொன்பது ஆண்டுகளிலும் என்னிடம் ஓட்டுநர் உரிமம் இருந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

என் கணவர் மின் தையல் எந்திரத்தில் தைக்கும் பவர் டேபிள் டெய்லராக இருந்து ஓய்ந்தவர். கரிசல் காட்டுச் சீமையிலிருந்து புது மணமக்களாக நாங்கள் இங்கே வந்த நாள் முதல், ஊசியின் முனையை விட்டு வேறெங்கும் அவர் கண்ணைத் திருப்பியதில்லை. சாலையைப் பார்த்து வண்டி ஓட்டும் பழக்கம் அவருக்குக் கைவரவில்லை. ஆகவே அந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

எனக்கு அறுபது வயது நிறைந்த ஆண்டில், ஒருநாள் காலை, கம்பெனி வாசலில் காவல் நிற்கும் பெரியவர் என் வண்டியின் முன்னால் கையை நீட்டினார். அவர் குன்னத்தூர்ப் பக்கத்து விவசாயி. அதுவரை என்னைக் கண்டால் கதவைத் தாமே திறந்து விடுபவர்.

"அம்மிணி, கோவிச்சுக்காதீங்க. லைசென்ஸ் காப்பி ஒண்ணு வேணுமுங்க."

"எதுக்குங்க இத்தனை வருசம் கழிச்சு?"

"ஆடிட் வருதுங்க. உள்ளார வண்டியில வர்றவங்க அத்தன பேரு லைசென்ஸும் ஃபைல்ல இருக்கோணுமாமா. இல்லாதவங்களுக்கு கேட் பாஸ் கெடையாதுன்னு மேனேஜர் சொல்லிட்டாருங்க."

நான் மேலாளரைப் போய்ப் பார்த்தேன். அவர் நல்ல மனிதர். வெளிநாட்டு வியாபாரிகள் கம்பெனியைச் சோதிக்கும் அந்த ஆடிட்டுக்கு மூன்று மாதங்கள் இருப்பதாகச் சொன்னார். அதுவரை வண்டியை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, மூட்டைகளை ஆட்கள் தலைச்சுமையாக எடுத்துச் செல்லலாம் என்று அனுமதித்தார். ஆடிட்டுக்குப் பிறகு, வண்டியில் வர உரிமம் வேண்டும். வெளியாட்கள் நடந்து உள்ளே வருவதற்கும் தடை. உரிமம் இல்லையென்றால் பிசிறு வெட்டும் வேலையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார். அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் அன்று ஷெட்டுக்குத் திரும்பி, கத்தரியும் கையுமாகக் குனிந்திருந்த பதினொரு தலைகளைப் பார்த்தபோது, இனி என் ஒருத்தியின் உரிமத்தில்தான் இத்தனை பேருடைய வேலையும் நிற்கிறது என்பது எனக்கு விளங்கியது.

பழகுநர் உரிமத்துக்கான தேர்வைக் கணினியில் எழுத வேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். எழுத்துகளைப் பள்ளியில் கற்றேன்; வாசிப்பை, மூட்டைகளுக்கு அடியில் விரிக்கும் பழைய நாளிதழ்களிலிருந்து நானே கற்றுக்கொண்டேன். ஆகையால் சாலைக் குறியீடுகள் பற்றிய சிறு நூலை வாங்கி, ஒரு வாரம் இரண்டு வேளையும் படித்தேன். ஒரே ஒரு கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சரியான விடை அளித்தேன். கையில் எல்.எல்.ஆர். வந்ததும், பெரிய கண்டத்தைத் தாண்டிவிட்டதாகவே நம்பினேன். வண்டி ஓட்டிக் காட்டுவதா எனக்குச் சிரமம்? என் கணவரும் அப்படித்தான் சொன்னார்.

"எட்டுப் போடுறதுக்கா இம்புட்டு யோசன? நீ பதினெட்டுப் பட்டிக்கும் மூட்டை தூக்குனவ. கண்ணக் கட்டிக்கிட்டுப் போட்டுட்டு வா புள்ள."

விதிப்படி முப்பது நாள் காத்திருந்த பின், தேர்வு மைதானத்துக்குச் சென்றேன். தரையில் வெள்ளைக் கோட்டால் பெரியதோர் எட்டு வரைந்திருந்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கல்லூரி மாணவி அன்போடு திரும்பிக் கேட்டாள்.

"யாருக்குத் துணைக்கு வந்தீங்க பாட்டி?"

"எனக்கு நானேதான் துணைக்கு வந்திருக்கேன் கண்ணு."

என் முறை வந்தது. எட்டின் இரண்டு வளைவுகளையும் கோட்டை விட்டு விலகாமல் சுற்றி வந்து, பிரேக் இன்ஸ்பெக்டரின் முன்னால் வண்டியை நிறுத்தினேன். மோட்டார் வாகன ஆய்வாளரை இங்கே எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்கவர். முகத்தில் சிரிப்பும் இல்லை, சினமும் இல்லை.

"அடுத்த வாரத்துக்கு மேல வாங்கம்மா."

"ஏனுங்க, நல்லாத்தானுங்க ஓட்டுனேன்?"

"கால் ஊனிட்டீங்க."

"எப்பங்க?"

"நாலு தடவைங்க."

சத்தியமாக எனக்குத் தெரியாது. என் இடது கால் தரையில் பட்டதை என் கால் எனக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து என் செருப்புகளைத் திருப்பிப் பார்த்தேன். இடது செருப்பின் அடிப்பாகம் தகடுபோல் தேய்ந்திருந்தது. வலது செருப்பு புதிதாக இருந்தது. ஒவ்வொரு முறையும் இடது செருப்பே முதலில் கிழிவதைக் கண்டு, செருப்பு விற்றவரை எத்தனையோ தடவை நான் குறை கூறியிருக்கிறேன். அந்த மனிதரிடம் இந்த இடத்தில் மன்னிப்புக் கோருகிறேன்.

"என்ன புள்ள, பெயிலா?" என்றார் கணவர்.

"ஆமா."

"எதுல?"

"எட்டுல."

"நான் எட்டாப்புலயே பெயிலு. ஒனக்கு இப்பத்தான் வாச்சிருக்கு."

நான் சிரிக்கவில்லை. அவர் இரண்டு நாள் அந்த வேடிக்கையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இரண்டாம் முறை, உயிரே போனாலும் காலை இறக்குவதில்லை என்ற உறுதியோடு சென்றேன். காலை இறக்கவில்லை. ஆனால் முதல் வளைவிலேயே வண்டி என் சொல்லைக் கேட்க மறுத்தது. தலை ஆடிற்று, கோட்டைத் தாண்டி வெளியே ஓடிற்று. இரண்டாம் வளைவில் நான் சாய்ந்தபோது, வரிசையில் நின்ற ஒருவர் ஓடிவந்து பிடித்திராவிட்டால் விழுந்திருப்பேன். இன்ஸ்பெக்டர் அருகே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எத்தன வருசமா வண்டி ஓட்டறீங்கம்மா?"

"பத்தொம்பது வருசங்க."

வரிசை முழுவதும் சிரித்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அத எங்கிட்டச் சொல்லாதீங்க. எல்.எல்.ஆர். எடுத்து ரெண்டு மாசமாகுதுன்னு சொல்லுங்க."

"பொய் சொல்லோணுங்களா?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம், உடுங்க. ஏனுங்கம்மா, மடியில எதையோ வெச்சுட்டு ஓட்டறாப்புல உக்காந்திருக்கீங்களே? முட்டி ரெண்டும் ரெண்டு ஊரப் பாத்துட்டு நிக்குது."

நான் குனிந்து என் முழங்கால்களைப் பார்த்தேன். அவை அகன்று விரிந்திருந்தன. இருக்கையின் பின்விளிம்பில் அமர்ந்து, கைகளை வளைத்து, முகவாயைச் சற்றே தூக்கி வைத்திருந்தேன். வண்டியின் முன்தளத்தில் மூட்டை இருந்தால் எப்படி அமர்வேனோ, அப்படியே அமர்ந்திருந்தேன். மூட்டைதான் இல்லை.

எங்கள் வட்டாரத்தில் மூட்டை வண்டி ஓட்டுபவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வெறும் வண்டி ஓட்டலாகாது. போகும்போது வெட்டிய மூட்டை. வரும்போது வெட்ட வேண்டிய மூட்டை. எங்கள் மூட்டை ஆயத்தமாகவில்லை என்றால், அந்த வழியில் போக வேண்டிய அயலாரின் நூல் பெட்டியையாவது ஏற்றிக்கொள்வோம். வெறும் வண்டியாக யாரேனும் போவதைக் கண்டால், "என்னங்க, சுத்திப் பாக்கவா?" என்று கேலி செய்வோம். தேவாலயத்துக்கும் கடைக்கும் நான் நடந்தே போவேன். தேர்வு மைதானத்துக்கு வரும்போதுகூட அயலாரின் நூல் பெட்டி ஒன்றை ஏற்றி வந்து வாசலில் இறக்கி வைத்திருந்தேன். இவ்வாறாக, பத்தொன்பது ஆண்டுகளில் ஒருநாளேனும் நான் சுமையில்லாத வண்டியை ஓட்டியவளல்ல. மூட்டை என் மார்பைத் தாங்கிற்று. அதன் கனம் வண்டியின் தலையை அடக்கிற்று. திருப்பங்களில் என் இடது கால் தரையைத் தேய்த்துச் சமன் செய்தது. அந்த மூன்றையும் சேர்த்துத்தான் வண்டி ஓட்டுதல் என்று நான் எண்ணியிருந்தேன்.

இது மனத்தில் பளிச்சிட்டதும், வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"மூட்டை வெச்சுட்டு ஓட்டிக் காட்டட்டுங்களா?"

"மூட்டைக்கு லைசென்ஸ் குடுக்கறதில்லீங்கம்மா. உங்களுக்குத்தான்."

மறுபடி சிரிப்பு. நான் கெஞ்சினேன். ஆடிட் வருவதைச் சொன்னேன். பதினொரு பெண்களைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி, பொறுமையாகவே கேட்டார்.

"நான் இன்னைக்குக் கையெழுத்துப் போட்டுருவேன். நாளைக்கு ரோட்டுல ஒரு பஸ்ஸு ஒதுக்குச்சுன்னா, இப்படித்தானுங்க சாய்வீங்க? அப்ப அந்தப் பதினொரு பேரு எங்கீங்க போவாங்க? இன்னும் நாள் இருக்குதில்லீங்க. வெறும் வண்டியப் பழகிட்டு வாங்க."

அன்று வழி நெடுகிலும் அவரை மனத்துக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். வயதானவள் என்று இரங்கி ஒரு கையெழுத்துப் போட்டால் அவர் பேனா தேய்ந்துவிடுமா என்று நினைத்தேன். இன்று நினைத்துப் பார்க்கையில், இரங்காமல் இருந்ததே அவர் எனக்குச் செய்த பேருதவி.

ஷெட்டில் நடந்ததைச் சொன்னேன். பதினொருவரில் மூத்தவர் என் பக்கத்து வீட்டுக்காரர்; இந்த மண்ணின் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். என்னை அக்கா என்பார். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, மறுநாள் காலை ஒரு சட்டி நிறையக் கோலமாவோடு வந்தார். ஷெட்டின் முன்னால் இருக்கும் களத்தில், வாசலில் கோலம் போடும் அதே நேர்த்தியோடு, பெரியதோர் எட்டை இட்டார்.

"இப்ப ஓட்டுங்க்கா. காலு பட்டா மாவு கலையும். பொய் சொல்ல முடியாது."

முதல் நாள் அந்த எட்டு அடையாளம் தெரியாமல் அழிந்தது. கால் பட்டதைவிடச் சக்கரமே அதிகம் அழித்தது. பெண்கள் கத்தரிகளை வைத்துவிட்டு வரிசையாக நின்று தீர்ப்புக் கூறினார்கள்.

"அக்கா, முட்டி!"

"அக்கா, எட்டுப் போடச் சொன்னா நீங்க சந்தைக்கே போறீங்க!"

இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஓட்டை விழுந்து கழித்துப் போட்ட பனியன் ஒன்றை எடுத்து, நான்காக மடித்து, என் இரு முழங்கால்களுக்கும் நடுவில் செருகினார்.

"இது உழாம ஒரு சுத்து வாங்க. உழுந்துச்சுன்னா மொதல்லருந்துங்க. இது ஏற்கெனவே டேமேஜ் பீஸு. நீங்களும் டேமேஜ் ஆயிராதீங்க."

கேட்பதற்கு எளிது. பத்தொன்பது ஆண்டுகள் விலகி நின்ற முழங்கால்களை ஒன்றையொன்று சந்திக்கச் செய்வது எத்தனை பாடு என்பதை நான் அனுபவித்தே அறிந்தேன். பனியன் விழும், இறங்கி எடுப்பேன், மறுபடி செருகுவேன். தொடையில் வலி கண்டது. வலியைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. எங்கும் போகாமல், எதையும் ஏற்றாமல், ஒரே இடத்தில் வண்டியைச் சுற்றுவது எனக்கு ஏதோ தகாத செயல் செய்வதுபோல் கூச்சமாக இருந்தது. சாலையில் போவோர் நின்று பார்ப்பார்கள். "அந்தம்மாவுக்கு என்னாச்சுங்க?" என்று ஒருவர் கணவரிடமே கேட்டிருக்கிறார். "வேண்டுதல்" என்று இவர் விடை சொல்லி அனுப்பினாராம்.

அந்த நாட்களில் கம்பெனி வேலை நிற்கவில்லை என்பதையும் நான் எழுதியாக வேண்டும். நாளுக்கு மூவர் என்று முறை வைத்துக்கொண்டு, பெண்கள் டவுன் பஸ்ஸில் கம்பெனி வாசலுக்கு வந்தார்கள். துண்டைச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்து, வாசலிலிருந்து கிடங்குவரை வெயிலில் மூட்டைகளைச் சுமந்தார்கள். மறு மூட்டைகளைச் சுமந்து வந்து என் வண்டியில் ஏற்றினார்கள். இது அவர்கள் வேலையல்ல. கத்தரி பிடிப்பதற்கு வந்தவர்கள். வாசற்காவலர் ஒவ்வொரு நடைக்கும் குடத்திலிருந்து தண்ணீர் மோந்து கொடுப்பார். ஒருத்தி மட்டும் ஒருநாள், "அக்காவுக்கு எட்டு வர்றதுக்குள்ள எங்க கழுத்து எட்டாட்டம் வளைஞ்சிரும்போல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் அன்று மாலை இருட்டும்வரை களத்தை விட்டு இறங்கவில்லை.

நாட்கள் செல்லச் செல்லப் பனியன் விழுவது குறைந்தது. ஒருநாள் காலை நான் இரண்டு சுற்று முடித்து வண்டியை நிறுத்தியபோது, கோலமாவு எட்டு இட்டபடியே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், "அழிக்கறதுக்கு மனசே வரலீங்க்கா" என்றார்.

மூன்றாம் தேர்வு ஒரு வியாழக்கிழமை அமைந்தது. அடுத்து வரும் திங்களன்று ஆடிட். புறப்படும்போது பக்கத்து வீட்டுக்காரர் வண்டியின் முகவிளக்கில் திருநீற்றைப் பூசினார். நான் தேவாலயத்துக்குச் செல்பவள். அவர் தயங்கி என்னைப் பார்த்தார். "எனக்குத்தானே ஞாயித்துக்கிழமை, வண்டிக்கு எல்லாக் கெழமையும் ஒண்ணுதான், நல்லாப் பூசுங்க" என்றேன்.

மைதானத்தில் அதே இன்ஸ்பெக்டர். என்னைக் கண்டதும் தலையை அசைத்தார். நான் இருக்கையில் முன்தள்ளி அமர்ந்தேன். முழங்கால்களைச் சேர்த்தேன். வண்டி நகர்ந்தது. முன்னால் தாங்குவதற்கு ஒன்றுமில்லாத அந்த வெளி, முதல் சில அடிகளில் எனக்குப் பழைய அச்சத்தையே தந்தது. பிறகு வளைவு வந்தது. வண்டி சாய்ந்தது, அதோடு நானும் சாய்ந்தேன், இருவரும் சேர்ந்தே நிமிர்ந்தோம். எட்டின் நடுவில் கோடுகள் குறுக்கிடும் இடத்தைக் கடக்கும்போதுதான், என் இடது கால் மேலேயே இருப்பதை நான் உணர்ந்தேன். காலைப் பற்றி எண்ணாமலேயே அது அங்கே இருந்தது.

வண்டியை நிறுத்தினேன். அவர் எதையோ எழுதினார்.

"போலாங்க."

"மறுக்காவும் பெயிலுங்களா?"

"பாஸுங்கம்மா. அடுத்தவங்களுக்கு வழி உடுங்க."

தேறினால் அவரிடம் சொல்வதற்கென்று நல்ல தமிழில் நாலு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். 'தங்கள் கண்டிப்புக்கு என்றென்றும் கடமைப்பட்டுள்ளேன்' என்பது அவற்றில் ஒன்று. "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வழி விட்டேன். அன்று சொல்லத் தவறியதை இன்று எழுத்தில் சொல்கிறேன்.

உரிம அட்டை தபாலில் வரும் என்றார்கள். வெள்ளிக்கிழமை வரவில்லை. சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேல் இருப்புக் கொள்ளாமல், நானே தபால் நிலையத்துக்குப் போனேன். வெறும் வண்டியில் போனேன். அட்டை என் பெயருக்கு வந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தபோது என் கணவர் மட்டுமே இருந்தார்; பெண்கள் சாப்பிடப் போயிருப்பதாக எண்ணி, ஆயத்தமாக இருந்த மூட்டையை ஏற்றிக்கொண்டு கம்பெனி வாசலுக்குச் சென்றேன்.

அங்கே பதினொரு பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். மூவர் வர வேண்டிய முறையில் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு துண்டு. அட்டை வராமல் போனால், திங்களுக்குள் கிடங்கிலிருந்து எத்தனை மூட்டைகளை வெளியே எடுக்க முடியுமோ அத்தனையையும் தலையில் சுமந்து எடுத்துவிடுவது என்று, எனக்குத் தெரியாமல் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள்.

காவலர் அட்டையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"போட்டோவுல நீங்கதானுங்களா அம்மிணி? ரொம்பக் கோவமா இருக்கறீங்க."

"உங்களாலதானுங்க கோவம்."

அவர் சிரித்துக்கொண்டே எண்ணைப் பதிவேட்டில் எழுதி, என் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டு, கதவைத் திறந்தார். நான் மூட்டையோடு வண்டியில் உள்ளே போனேன். கிடங்கில் இறக்கி, மறு மூட்டையை ஏற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, பெண்கள் துண்டை உதறி மடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் திரும்பிக் கையை அசைத்தார்.

"நீங்க முன்னால போங்க்கா. நாங்க பின்னால வந்தர்றோம்."

நான் முன்னால் வந்து சேர்ந்தேன். ஷெட் பூட்டியிருந்தது. நான் மூட்டையோடு புறப்பட்ட பின், என் கணவர் கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டுக்காரர் வீட்டில் கொடுத்துவிட்டு உண்ணப் போயிருந்தார். சாவியை வாங்கப் போக எனக்கு மனம் வரவில்லை. பூட்டிய கதவின் முன், மூட்டையை வண்டியிலிருந்து இறக்காமல், அந்தப் பதினொரு பேரும் பேருந்தில் வந்து இறங்கும்வரை சாலையைப் பார்த்தபடி நின்றிருந்தேன்.